மறையும் கோணம்

நவம்பர் பதினொன்று, காலை ஆறு இருபது.
ப்ர்னோ நகரத்து டிராம் ஒன்று
பேக்கரி வளைவில் திரும்புகையில்
முன்னச்சு முறிந்தது.
யாரும் சாகவில்லை. ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு.
ஒரு பையனின் வயலின் பெட்டி
தண்டவாளம் தாண்டிப் போய் ரொட்டிக் கூடையில் விழுந்தது.

விசாரணைக் குழுவுக்கு ஒரு சொல் வேண்டும்:
ஓட்டுநரா, உருக்கா.
முறிவின் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டி
எனக்கு அனுப்பினார்கள்.

தேய்த்தேன். அமிலத்தில் கரைத்தேன்.
வெங்காயச் சருகு அதன் பக்கத்தில் மெத்தை
என்னும்வரை மெலித்து
எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தேன்.

உள்ளே ஒழுங்கு.
அணுவுக்குப் பின் அணு, அடி தவறாத அணிவகுப்பு.
எங்கோ ஒரு வரிசை மட்டும்
பாதியில் நின்றுவிடுகிறது.
நின்ற விளிம்பில் மெல்லிய இருள்கோடு.
பிறழ்வு என்கிறோம்.

அதைச் சுற்றி நடந்து பாருங்கள்.
வலக்கைப் பக்கம் பத்தடி, கீழே பத்தடி,
இடக்கைப் பக்கம் பத்தடி, மேலே பத்தடி.
மற்ற இடமென்றால் புறப்பட்ட வாசலுக்கே வந்திருப்பீர்கள்.
இங்கே ஓரடி தள்ளி நிற்கிறீர்கள்,
அடுத்த வீட்டு மணியை அழுத்திக்கொண்டு.

குறை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.
பிறழ்வே இல்லாத படிகம்
தாங்கும், தாங்கும், இன்னமும் தாங்கும்,
பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும்.
கரண்டி வளைவதும்
கார் நசுங்கி ஆளைப் பிழைக்க வைப்பதும்
இந்தக் கோடுகள் நகர்வதால்.
மொத்த வரிசையும் ஒன்றாய் வழுக்க வேண்டாம்.
ஒருவர் விட்ட பிடியை அடுத்தவர் பிடித்தால் போதும்.

ஒன்று மட்டும் அவற்றுக்கு வாய்க்காது:
நடுவழியில் சும்மா முடிந்துபோவது.
வெளிப்பரப்புக்கு வரவேண்டும்,
இல்லை தன் வாலைத் தானே கவ்வவேண்டும்,
இல்லை இன்னொன்றோடு சிக்கவேண்டும்.

அந்த அச்சில் நான் கண்டது சிக்கல்.
கோடுகள் கூடிச் சுவராகி
நடுவில் காலி அறைகள்.
சக்கரம் ஒருமுறை உருள, அச்சு ஒருமுறை வளைந்து நிமிரும்,
கண்ணுக்குப் படாத வளைவு, விதி அனுமதித்த பாரம்.
கோடு முன்னே போகும், திரும்பி வரும்,
அதே இடத்துக்கு அல்ல.
பல கோடித் தடவை.

பிப்ரவரியில் ஓட்டுநர் ஹினெக் வந்தார்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.
"பதினெட்டில் போகலாம். பதினேழில் போனேன்.
காகிதத்தில் இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறது."

திரையைக் காட்டினேன்.
மாதிரியைச் சற்றே சாய்த்தேன்.
ஒரு கட்டுக் கோடுகள் முழுதாய்க் காணாமற் போயின.

"எங்கே போச்சு?"
"அங்கேயேதான்.
சில பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது.
எந்தப் பக்கம் மறைகிறது என்பதை வைத்துத்தான்
எந்தப் பக்கம் பிறழ்ந்தது என்று கணக்கிடுகிறோம்."

வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "குழுவின் நாற்காலிகளை
எந்தப் பக்கம் போட்டிருந்தார்கள் என்று
எனக்குத் தெரியும்" என்றார்.

பேச்சினூடே சட்டைப் பையிலிருந்த செம்புக்கம்பியை
வளைத்திருக்கிறார். இப்போது நிமிர்த்தப் பார்த்தார்.
வளைந்த முட்டி இறுகிக்கொண்டு இணங்கவில்லை,
அதன் பக்கத்தில் புதிதாய் ஒரு வளைவு விழுந்தது.
"சூடு காட்டினால்?"
"செம்பு இளகும். ஐந்நூறு டிகிரி, அரைமணி நேரம்."
"அச்சு?"
"விரிசல் விட்ட பிறகு இல்லை."

அறிக்கை நாற்பத்தோரு பக்கம்.
வேகம் காரணமன்று. கையொப்பம், ஸ்வதவா.
அவர்கள் முதல் பக்கத்தை மட்டும்
படித்ததாகக் கேள்வி.

அன்று அவர் டிராமில் ஏறவில்லை.
ஸ்வ்ரட்கா ஆற்றோரம் பனியில் நடந்துபோனதை
மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தேன்.

கம்பியை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார்.
இரண்டு முட்டிகள், எண் போலவும் இல்லை, எழுத்துப் போலவும் இல்லை.
உலை ஐந்தடி தூரத்தில்.
இன்னும் வைக்கவில்லை.